பழைய ஸ்விஃப்ட் டீசலுக்குப் புது பார்ட்ஸா, ரீகண்டிஷனா?

பீளமேடு டீசல்:

வண்டி 2010 ஸ்விஃப்ட் விடிஐ, கோவைப் பதிவு, 1,68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆர்சி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. அதுவரை ஓட்டுவதாக முடிவு. வருஷத்துக்கு 10,000 கி.மீ.க்கு மேல் போகாது.

இப்போது நான்கு தொல்லை ஒரே சமயத்தில். எஞ்சின் ஓடும்போதும் பேட்டரியில் 12.3 வோல்ட்தான் காட்டுகிறது, சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது. சூடான எஞ்சினை நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்தால் ரொம்ப நேரம் செல்ஃப் சுற்ற வேண்டியிருக்கிறது. டர்போ ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஈரம். ஏசி பக்கம் கரகரவென்று சத்தம்.

மெக்கானிக் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), நாலு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் தெளிப்பவை), டர்போ, ஏசி கம்ப்ரஸர் நான்கையும் மாற்றச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் மூன்று விலை சொன்னார். கம்பெனி புதுசு ஒரு விலை. கிட்டத்தட்ட பாதி விலைக்கு ரீகண்டிஷன். அதற்கும் கீழே, பெயர் கேள்விப்படாத பெட்டியில் வரும் "புதுசு". எதற்குப் புதுசு வாங்கலாம், எதற்கு ரீகண்டிஷன் போதும்? ரீகண்டிஷன் என்றால் உள்ளே உண்மையில் வேலை நடந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிளட்சும் கொஞ்சம் கனமாகிவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பேனர் செட்:

முதலில் அந்த மூன்றாவது பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். பெயர் தெரியாத புதுசைவிட, யார் செய்தார் என்று தெரிந்த ரீகண்டிஷன் எப்போதும் மேல். கம்பெனியின் பழைய ஆல்டர்னேட்டரில் கேசிங், ஸ்டேட்டர் (நிற்கும் சுருள்), ரோட்டர் (சுழலும் பாகம்) எல்லாம் சரியான அளவில் இருக்கும், தேய்ந்தது மட்டும் மாறும். மலிவுப் புதுசில் செம்பு முதற்கொண்டு எல்லாமே குறைந்திருக்கும்.

அடுத்து, ரீகண்டிஷன் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. கெட்டுப்போன ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பெயின்ட் அடிப்பது ரிப்பேர். தேயக்கூடிய பாகங்களை மாற்றி ஓட்டிப் பார்ப்பது ரீபில்ட். ரீமேனுஃபேக்சர்டு என்பது வேறு. ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, கழுவி, அளந்து, அளவுக்கு வராததைத் தூக்கிப் போட்டு, புதுசுக்கு உள்ள அதே டெஸ்ட்டில் பாஸ் ஆக்கி, பார்ட் நம்பரோடும் வாரன்டியோடும் வெளியே வருவது. பாஷ் கம்பெனி "எக்ஸ்சேஞ்ச்" என்ற பெயரிலும், டர்போ செய்யும் கேரட் கம்பெனி தன் டர்போக்களுக்கும் இதைச் செய்கிறார்கள். இங்கே தெருமுனையில் ரீமேன் என்று விற்பதில் பெரும்பாலானது ரீபில்ட்தான். ரீபில்ட் கெட்ட வேலை இல்லை. ஆனால் ரீமேன் விலை கொடுக்காதீர்கள். என் கணக்கு: ரீகண்டிஷன் விலை புதுசின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதுசே வாங்குவேன். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு எல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய ரேட்டை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாமல் கம்பெனி விலையை இன்னொரு முறை விசாரியுங்கள்.

ஆல்டர்னேட்டருக்கு ரீபில்ட் தாராளமாகப் போதும். ஆனால் குற்றம் அதனுடையதுதானா என்று முதலில் பாருங்கள். பெல்ட் டென்ஷன், பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிங்கில்தான் இழப்பு, ஆல்டர்னேட்டர் பாவம் ஒன்றும் செய்யவில்லை. அது சரியாக இருந்து, லைட் மங்கலாக எரிந்து, 12.3 மட்டும் வருகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் டயோடு போயிருக்கிறது. ராத்திரியில் பேட்டரி இறங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

ரீபில்டில் கேட்க வேண்டியது: பிரஷ்ஷோடு சேர்ந்த ரெகுலேட்டர், டயோடு பிளேட், இரண்டு பேரிங். ஸ்லிப் ரிங்கில் பிரஷ் தடம் பள்ளமாக இருந்தால் லேத்தில் லேசாக எடுக்கலாம், ரொம்ப மெலிந்திருந்தால் ரிங்கையே மாற்ற வேண்டும். ஸ்டேட்டர் சுருள் கருகி வார்னிஷ் வாடை அடித்தால் அந்த யூனிட்டைக் கைகழுவுங்கள். கையால் ரீவைண்டிங் செய்த ஸ்டேட்டர் குளிர்ந்த நிலையில் சரியாகச் சார்ஜ் செய்யும், சூடானதும் இறங்கிவிடும். டெஸ்ட் பெஞ்சில் லோடு கொடுத்து, பத்து நிமிஷமாவது சூடாக்கி, ஆம்பியர் எவ்வளவு வருகிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். வோல்ட் மட்டும் காட்டினால் போதாது. லோடு இல்லாமல் தளர்ந்த ஆல்டர்னேட்டரும் 14 வோல்ட் காட்டிவிடும்.

இன்னொன்று. நம் ஊரில் பழசைக் கொடுத்து வேறு வாங்குவதைவிட, நம் யூனிட்டையே செய்து வாங்குவது நல்லது. கொடுக்கும் முன் கேசிங்கில் யாருக்கும் தெரியாத இடத்தில் சென்டர் பஞ்ச்சால் இரண்டு புள்ளி வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பிரஷ், பேரிங்கையும் கேட்டு வாங்குங்கள். செல்ஃப் மோட்டாருக்கும் இதே கதை. பிரஷ், புஷ், சோலனாய்டு கான்டாக்ட், பெண்டிக்ஸ் (ஃபிளைவீலைப் பிடிக்கும் பல்சக்கரம்) மாற்றினால் புதுசுக்குச் சமம்.

கிளட்சில் பேச்சே வேண்டாம், புதுசு. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக. பழைய பிளேட்டில் லைனிங் ஒட்டி ரிவெட் அடித்துத் தருவார்கள். அதில் டேம்பர் ஸ்பிரிங்கும் பழசு, பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் விரலும் பழசு. கியர்பாக்ஸ் இறக்கும் கூலி இரண்டு தடவை விழும். எக்ஸெடி, வேலியோ, லுக் எதுவானாலும் பரவாயில்லை, உங்கள் வண்டியின் நம்பருக்கு உரியதாக இருக்கட்டும். இறக்கிய கையோடு ஃபிளைவீலில் நீலப் புள்ளியோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். கனமாக இருப்பதற்குக் கேபிளே காரணமாகவும் இருக்கலாம். கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் கேபிளைக் கழற்றி, உள்கம்பி இலகுவாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இவற்றுக்கெல்லாம் ரீகண்டிஷன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்கே திரும்பப் போகாதீர்கள். காலிப்பர் மட்டும் விலக்கு. பிஸ்டனில் துரு இல்லை என்றால் சீல் கிட் போட்டாலே போதும்.

டர்போ, இன்ஜெக்டர் பற்றி டெஸ்ட் பெஞ்ச் சார் சொல்லட்டும்.

டெஸ்ட் பெஞ்ச்:

நண்பரே, நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்வதற்கு முன் மெக்கானிக் ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசலை அளப்பது) எடுத்தாரா? எடுக்கவில்லை என்றால் அது யூகம். இந்த எஞ்சினில் டீசல் "ரயில்" என்ற, நாலு இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாயில் அழுத்தமாக நிற்கிறது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் சின்னக் குண்டு வால்வின் இருக்கை தேய்ந்தால் டீசல் ரிட்டர்ன் பக்கம் கசியும். சூடானதும் டீசல் நீர்த்துவிடுவதால் கசிவு கூடும், செல்ஃப் சுற்றும் வேகத்தில் ரயிலுக்குத் தேவையான அழுத்தம் ஏறாது. சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாததற்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

டெஸ்ட் எளிது. நாலு ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவுள்ள நாலு அளவுக் குப்பியில் விடுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மற்றவற்றைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருந்தால் அதுதான் குற்றவாளி. நாலும் சமமாக, ஆனால் குறைவாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பம்ப், ரயில் பிரஷர் சென்சார், டீசல் ஃபில்டர் பக்கம் தேடுங்கள். ஃபில்டர் கிண்ணத்து டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பம்ப் உலோகம் உதிர்க்கிறது. அதைச் சரி செய்யாமல் போடும் எந்த இன்ஜெக்டரும், புதுசோ பழசோ, சீக்கிரமே பாழ்.

ரீபில்ட் இன்ஜெக்டரில் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டீசல் தெளிக்கும் முனையான நாஸிலை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நாஸில் மாற்றினால் புகையும் நாக்கிங்கும் குறையும், ரிட்டர்ன் கசிவு அப்படியே இருக்கும், ஏனென்றால் கசிவது மேலே உள்ள வால்வு செட்டில். உங்கள் குறைக்கு வால்வு செட் மாறியே ஆக வேண்டும். உள்ளே உள்ள ஷிம்களை (மெல்லிய தட்டை வளையங்கள்) வைத்து ஆர்மேச்சர் லிஃப்ட்டை (வால்வு எவ்வளவு எழும்புகிறது என்பதை) அளந்து செட் செய்ய வேண்டும், அதற்கு மைக்ரான் அளவு காட்டும் டயல் கேஜ் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். காமன் ரயில் பெஞ்ச் இல்லாத கடையில், பழைய காலத்துக் கைப்பம்பில் ஸ்பிரே அடித்துக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பெஞ்ச் ரிப்போர்ட் பிரின்ட்டாகக் கேளுங்கள். ஃபுல் லோடு, நடு லோடு, ஐடில், ப்ரீ இன்ஜெக்‌ஷன் என்று நாலு நிலைக்கும் எவ்வளவு டீசல் தெளித்தது, எவ்வளவு ரிட்டர்ன் போனது, அனுமதி அளவு என்ன என்று எண்ணாக இருக்க வேண்டும். "ஓகே" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ரிப்போர்ட் இல்லை. ப்ரீ இன்ஜெக்‌ஷன் எண்ணைத்தான் முதலில் பாருங்கள். ஒரு துளியில் பாதி அளவுகூட இல்லாத அந்தத் தெளிப்பு தப்பினால்தான் ஐடிலில் கடகடவென்று அடிக்கும்.

வால்வும் நாஸிலும் மாறிய இன்ஜெக்டரின் குணம் மாறிவிடும். தலையில் பொறித்திருக்கும் பழைய ஐஎம்ஏ எண் (அந்த இன்ஜெக்டர் தெளிக்கும் அளவைச் சொல்லும் குறியீடு) அப்போது பொய். நல்ல பெஞ்ச் புது எண்ணைக் கணக்கிட்டுத் தரும், அதை ஸ்கேனர் மூலம் ஈசியூவில் (எஞ்சினின் கம்ப்யூட்டர்) எழுத வேண்டும். ஒரு சிலிண்டரிலிருந்து கழற்றியதை வேறு சிலிண்டரில் மாட்டினாலும் எண்ணை இடம் மாற்றி எழுத வேண்டும். இதைச் செய்யாமல் "ரீகண்டிஷன் சரியில்லை" என்று பழி போடுவோர் ஏராளம்.

மாட்டும்போது அடியில் உள்ள செம்பு வாஷரும் கிளாம்ப் போல்ட்டும் புதுசு. வாஷர் உட்காரும் இடத்தில் கரி ஒட்டியிருந்தால் சீட் கட்டரால் சுத்தம் செய்துவிட்டு, உதிர்ந்ததை வாக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். இல்லையென்றால் சில மாதத்தில் சுஸ் சுஸ் என்று காற்று வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி இறுகும், அடுத்த தடவை கழற்றும்போது உடைந்துதான் வரும். ஹை பிரஷர் பைப்பையும் அந்த ஒரு சிலிண்டருக்காவது மாற்றிவிடுங்கள். அதன் கூம்பு முனை ஒருமுறை நசுங்கிப் பொருந்துவது, மறுபடி அதே இடத்தில் உட்காரும் என்று சொல்ல முடியாது. எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

இப்போது டர்போ. ஹோஸில் ஆயில் ஈரம் இருப்பதை மட்டும் வைத்து டர்போ போயிற்று என்று சொல்ல முடியாது. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் ஆவி ஏர் இன்டேக்கில்தான் சேர்கிறது, அதில் ஆயில் கலந்தே வரும். விரலில் தடவினால் ஈரம் என்பது இந்த வயது வண்டியில் சகஜம். ஹோஸைச் சாய்த்தால் ஊற்றுகிறது, சைலன்சரில் நீலப் புகை, லெவல் வாரா வாரம் குறைகிறது என்றால்தான் கவலை.

அப்போதும் டர்போவின் ஆயில் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா, பிரீதர் (அந்த ஆவி வெளியேறும் வழி) அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். டர்போவின் ஷாஃப்ட்டில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம்தான். ஆயில் கீழே வடிய வழி இல்லையென்றால் கடையிலிருந்து நேற்று வந்த டர்போவும் ஒழுகும். ஐடிலில் ஆயில் ஃபில்லர் மூடியைக் கழற்றி, துளை மேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். மூடி குதித்து ஆடினால் பிரீதரையும் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகியுங்கள்.

ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டும்போது பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு, பேரிங் ஆயில் படலத்தில் மிதக்கும் வகை. வீல் ஹவுசிங்கைத் தொடக் கூடாது. முன்பின் ஆட்டம் மட்டும் கைக்குத் தட்டுப்படவே கூடாது. டயல் கேஜில் சுமார் 0.1 மி.மீ.க்கு மேல் போனால் திரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது.

உண்மையாகவே போயிருந்தால்? உங்கள் 75 பிஎஸ் வண்டியில் இருப்பது சாதாரண வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையைத் திறந்துவிடும் கதவு) டர்போ, இறக்கைகளை அசைக்கும் விஜிடி இல்லை. அதனால் ரீபில்ட்டுக்கு ஏற்றதுதான், ஆனால் ஒரு நிபந்தனை: சுழலும் உள்பாகத்தை அதிவேக பேலன்சிங் மெஷினில் ஏற்றி, கிராஃப் பிரின்ட் தர வேண்டும். இந்த அளவுச் சின்ன டர்போ நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ரிப்பேர் கிட் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்துத் தருவது இந்த வேகத்துக்கு உதவாது. முதலில் விசில், பிறகு ஆயில், பிறகு பழையபடி. டர்பைன் வீல் முனை தேய்ந்திருந்தாலோ, ஹவுசிங்கில் வேஸ்ட்கேட் துளைக்குள் ஓடும் வெடிப்பு இருந்தாலோ ரீபில்ட் வேண்டாம். பேலன்சிங் மெஷின் உள்ள கடை உங்கள் ஊர்ப் பக்கம் இல்லையென்றால் புதுசுதான். டர்போவில் மட்டும் நான் நடுவழி பார்ப்பதில்லை.

எதைப் போட்டாலும் டர்போ செத்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போடாதீர்கள். முக்கால்வாசிக்கு ஆயில் வராததோ ஆயிலில் அழுக்கோதான் காரணம். ஆயில் ஃபீட் பைப் உள்ளே கரி கட்டியிருக்கும், கழுவினால் போகாது, புதுசு போடுங்கள். ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும். பழைய டர்போ உடைந்து துண்டு போயிருந்தால் குழாய் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஆயில் ஃபிளேஞ்சில் சிலிகான் தடவக் கூடாது, பிதுங்கிய துளி துளையை அடைத்துவிடும். கேஸ்கெட் மட்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஃபீட் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி ஷாஃப்ட்டைச் சுற்றுங்கள், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்து, சில நிமிஷம் ஐடிலில் விடுங்கள், ரேஸ் கொடுக்காதீர்கள். வேஸ்ட்கேட்டை அசைக்கும் ஆக்சுவேட்டர் ராடின் நட்டை மெக்கானிக் "கொஞ்சம் பவர் ஏத்துறேன்" என்று திருக விடாதீர்கள்.

குளிர்காற்று:

ஏசி சத்தத்துக்கு ஒரு கேள்வி: ஏசி ஆஃப் செய்தாலும் சத்தம் இருக்கிறதா? இருந்தால் கம்ப்ரஸரின் உள்பாகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புல்லி பேரிங்தான், அல்லது பெல்ட் ஐட்லர். பேரிங் மட்டும் மாற்றலாம், கேஸ் இறக்கவே வேண்டாம். திரும்ப மாட்டும்போது கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்து ஷிம்மால் சரி செய்யுங்கள், பெரும்பாலும் அரை மி.மீ. ஒட்டி இருக்கும். அதிகமானால் சூட்டில் கிளட்ச் பிடிக்காது, குறைந்தால் உரசும்.

ஏசி போட்டால் மட்டும் சத்தம் என்றால் கம்ப்ரஸர்தான். இதில் ரீகண்டிஷனை நான் நம்புவதில்லை. ஷாஃப்ட் சீலும் ஓரிங்கும் மாற்றி சில்வர் பெயின்ட் அடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உள்ளே சாய்தட்டும் பிஸ்டனும் தேய்ந்ததை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மாருதிக்கு ஏசி பாகங்கள் தருவது சப்ராஸ். அந்தப் பெயரில், பில்லோடு புதுசு வாங்குங்கள். சீல் மட்டும் கசிகிறது, சத்தம் இல்லை என்றால் உங்கள் கம்ப்ரஸருக்கே சீல் போடுவது வேறு விஷயம், அது சரிதான்.

புதுசு போட்டாலும் தவறும் இடம் ஆயில். புதுக் கம்ப்ரஸர் முழுச் சிஸ்டத்துக்கான ஆயிலோடு வரும். பழையதிலிருந்து வடித்து அளந்து, அந்த அளவு மட்டும் புதுசில் விட்டு மீதியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆயில் அதிகமாகிக் குளிர்ச்சி குறையும். வடித்த ஆயில் கருப்பாக, உலோகத் தூளோடு வந்தால் கண்டன்ஸரையும் மாற்றுங்கள். அதன் நுண்குழாய்களை ஃபிளஷ் செய்து முழுசாகச் சுத்தமாக்க முடியாது, அந்தத் தூள் புதுக் கம்ப்ரஸருக்கே திரும்பி வரும். எக்ஸ்பேன்ஷன் வால்வும் டிரையரும் கூடவே மாற வேண்டும். அரை மணி நேரம் வாக்குவம், பிறகு கேஸ் எவ்வளவு என்று பானட் ஸ்டிக்கரைப் பார்த்து எடை போட்டு ஏற்றுவது. கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றும் கடை வேண்டாம்.

பழைய இரும்பு:

இவ்வளவு அலைவதற்கு சென்னை புதுப்பேட்டையிலோ நம் உக்கடத்திலோ கம்பெனி பொருளையே செகண்ட் ஹேண்டாக எடுக்கலாமே? இதே 1248 சிசி ஃபியட் எஞ்சின்தான் டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும். சரக்கு தட்டுப்பாடே இல்லை.

ஸ்பேனர் செட்:

பழைய இரும்பு, எஞ்சின் பிளாக் ஒன்றுதான், மேலே மாட்டியிருப்பது ஒன்றில்லை. டாடா வண்டியின் இன்ஜெக்டரோ டர்போவோ போல்ட் துளைக்குப் பொருந்திவிடும், ஈசியூவின் கணக்குக்குப் பொருந்தாது. ஸ்விஃப்ட்டுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி முதலில் வந்தது சென்னை உட்பட சில பெருநகரங்களுக்கு மட்டும். கோவையில் அதே வருஷம் பதிவான வண்டி ஸ்டேஜ் 3 ஆக இருக்கலாம். சென்னை வண்டியில் கழற்றியதும் கோவை வண்டிக்கு உரியதும் ஒரே வருஷ மாடலாக இருந்தும் நம்பர் வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆர்சியில் எந்த ஸ்டேஜ் என்று பாருங்கள், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனிக் கவுண்டரில் பார்ட் நம்பர் எடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

செகண்ட் ஹேண்டில் நான் தைரியமாக எடுப்பது கதவு, கண்ணாடி, ஹெட்லைட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், பவர் ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டு) போன்றவை. இந்த வண்டியில் ஸ்டீயரிங் எலெக்ட்ரிக் என்பதால் அதில் ஆயில் சீல் தொல்லை கிடையாது. ஈசியூ மட்டும் வேண்டாம். அதில் உள்ள இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியோடு பிணைந்தது, வேறு வண்டி ஈசியூ உங்கள் சாவியை ஏற்காது. உங்கள் ஈசியூவையே ரிப்பேர் செய்வதுதான் வழி. எதை வாங்கினாலும் பில் இல்லாமல் வேண்டாம். திருட்டு வண்டிச் சரக்கு கைமாறும் இடத்தில் பில்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பீளமேடு டீசல்:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன டெஸ்டுகளை எடுத்துப் பார்த்தாயிற்று. ஒயர் இழப்பு 0.1 வோல்ட்தான். பேட்டரியில் ஏசி வோல்ட் மிகக் குறைவு. ரிட்டர்ன் டெஸ்டில் 1, 2, 4 மூன்றும் ஏறக்குறைய 15 மி.லி., மூன்றாவது சிலிண்டர் 48 மி.லி. ஃபில்டர் கிண்ணத்தில் மினுமினுப்பு இல்லை. டர்போ ஷாஃப்ட் முன்பின் ஆட்டம் கைக்குத் தெரியவில்லை, வீல் எங்கும் தொடவில்லை, ஆனால் ஃபில்லர் மூடி நன்றாகக் குதிக்கிறது. ஏசி ஆஃப் செய்தாலும் சத்தம் அப்படியே இருக்கிறது. ஆர்சியில் ஸ்டேஜ் 3.

மூன்றாவது இன்ஜெக்டர் ஒன்றை மட்டும் செய்தால் போதுமா, நாலையும் செய்ய வேண்டுமா? மூடி குதிப்பதற்கு எஞ்சினே பிரிக்க வேண்டிவருமா?

டெஸ்ட் பெஞ்ச்:

நாலையும் கழற்றி பெஞ்சில் டெஸ்ட் மட்டும் செய்யுங்கள், அதற்கான கூலி சொற்பம். மூன்றாவதுக்கு வால்வு செட்டும் நாஸிலும். மற்ற மூன்றின் எண்களும் அனுமதி அளவுக்குள், நடுவில் இருந்தால் கை வைக்க வேண்டாம். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றுக்கும் இப்போதே. வருஷம் 10,000 கி.மீ. ஓட்டுபவர் நாலு புது இன்ஜெக்டர் வாங்குவதில் அர்த்தமில்லை. எப்படியும் கழற்றுவதால் நாலுக்கும் செம்பு வாஷர் வாங்கிவிடுங்கள்.

மூடி குதிப்பதற்கு எஞ்சினைப் பிரிக்க ஓடாதீர்கள். பிரீதர் ஹோஸையும் அதன் ஆயில் பிரிக்கும் பெட்டியையும் கழற்றிக் கழுவி, மறுபடி பாருங்கள். இந்த வயதில் ஹோஸ் உள்ளே உரிந்து மடங்கியும் இருக்கும், புதுசு போடுங்கள், விலை பெரிதில்லை. அதன் பிறகும் குதித்தால், இன்ஜெக்டர் வெளியே இருக்கும் அந்த நேரத்திலேயே நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுங்கள். டீசலுக்கு உரிய கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜ் தாங்காது. நாலும் கம்பெனி சொன்ன அளவுக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் ரிங் தப்பித்தது. டர்போ இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், ஆயில் ஃபீட் பைப்பை மட்டும் கழற்றி ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர் செட்:

அப்படியானால் உங்கள் பட்டியல் ரொம்பவே சுருங்கிவிட்டது. ஆல்டர்னேட்டரில் டயோடு நன்றாக இருக்கிறது, பிரஷ்ஷோடு ரெகுலேட்டரும் இரண்டு பேரிங்கும் போட்டால் முடிந்தது. ஆல்டர்னேட்டரைக் கழற்றும் நேரத்தில் பெல்ட்டும் வெளியே வரும், அப்போதே ஏசி புல்லியையும் ஐட்லரையும் கையால் சுற்றிப் பாருங்கள், எது கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த எஞ்சினில் டைமிங் செயின். ஆயில் லேட்டாக மாற்றிய வண்டியில் செயின் நீளும், டென்ஷனர் தளரும். காலையில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் செயின் பக்கம் சில வினாடி கரகரத்தால் செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் முழு கிட் மாற்ற வேண்டும். அதில் ரீகண்டிஷன் என்ற பேச்சே கிடையாது, பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினும் போடக் கூடாது. சத்தம் இல்லையென்றால் தொட வேண்டாம்.

பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: செய்த பாகங்களின் பெயர், வாரன்டி எத்தனை மாதம், கெட்டுப்போனால் கழற்றி மாட்டும் கூலியும் அவர்களுடையதா என்பது. பெரும்பாலான கடையில் கூலி சேராது, முதலிலேயே பேசிவிட்டால் கொடுப்பார்கள்.